நனையாத மாவு

வெள்ளை மாவில் ஆசிட் ஊற்றினால் பொங்கும் என்பதை எஸ்.ஐ. ஸ்ரீநிவாசன் அன்று காலையில்தான் கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஸ்டேஷனுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் காட்டினார்.

ஒரு சில்வர் தட்டு. அதில் ஒரு சிட்டிகை மாவு. கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை இரண்டு சொட்டு விட்டார். புஸ்ஸென்று நுரை கிளம்பியது.

“பாத்தீங்களா மேடம்? கால்சைட்! கண்டனூர் வீட்டுல திருடன் விட்டுட்டுப் போன பூட்ஸ் தடத்துலேர்ந்து எடுத்தது. அந்த வீட்டுக்காரங்களோட மானகிரி மில்லுல அரைக்கிற அதே கல்லு மாவு. அங்க வேலை பாக்குற அன்வர் சாதிக் நேத்து மத்தியானம் அந்த வீட்டுக்குப் போயிருக்கான். போனேன்னு அவனே ஒத்துக்கிறான். இதுக்கு மேல என்ன வேணும்? சயின்ஸ் மேடம், சயின்ஸ்!”

லூசியாக்கா தட்டைப் பார்த்தார். எஸ்.ஐ.யைப் பார்த்தார். தட்டின் மேல்தான் அவருக்கு மரியாதை கூடுதலாக இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

“முட்டை ஓட்டுல ஊத்துனாலும் பொங்கும் சார். கோலப்பொடியில ஊத்துனாலும் பொங்கும். இந்தா, உங்க ஸ்டேஷன் சுவத்துல சுண்ணாம்பு அடிச்சிருக்கீகள்ல, அதுல ஊத்திப் பாருங்க. பொங்குச்சுன்னா சுவரையும் ரிமாண்ட் பண்ணிருவீகளா?”

“சுவருக்கு ஜாமீன் எடுக்க ஆள் வராதுக்கா,” என்றேன் நான். “அதான் சார் யோசிக்கிறாரு.”

எஸ்.ஐ. என்னை முறைத்தார். போலீஸ்காரர்கள் என்னை முறைப்பது புதிதில்லை. என் பெயர் ஜியாவுதீன். லூசியாக்காவுக்கு நான்தான் டிரைவர், நான்தான் குமாஸ்தா, நான்தான் வாய். கடைசி வேலைக்கு மட்டும் சம்பளம் கிடையாது, அதை இலவசமாகச் செய்கிறேன்.

லூசியாக்கா முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். எரிந்துபோன குடோன், நனைந்துபோன மூட்டை என்று நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களிடம் போய், எது எரிந்தது, எதை எரித்தார்கள் என்று மோப்பம் பிடிக்கிற வேலை. பொய் பேசுகிறவர்களை ஆயுசு முழுக்கப் பார்த்த அலுப்பில் வேலையை விட்டார். விட்டுவிட்டு காரைக்குடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அதாவது, அதே பொய்யர்களைச் சொந்தச் செலவில் பார்க்க ஆரம்பித்தார்.

“அந்த மாவுல ஒரு சிட்டிகை எனக்கும் மடிச்சுக் குடுங்க,” என்றார் அக்கா.

“எதுக்கு? நீங்களும் ஆசிட் ஊத்திப் பாக்கப் போறீங்களா?” எஸ்.ஐ. சிரித்துக்கொண்டே ஒரு பேப்பரில் மடித்துக் கொடுத்தார். “சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துறேன். அதுக்கு முன்னாடி கண்டனூர் வீட்டுல களவு நடந்த இடத்தைப் பத்தி மகஜர் எழுதுறது பாக்கி இருக்கு, மூணு மணிக்கு அங்க வருவேன். உங்க சயின்ஸை அங்க வந்து காட்டுங்க.”

வெளியே மரத்தடியில் சுமையா நின்றுகொண்டிருந்தாள். அன்வரின் மனைவி. எங்களைக் கூட்டி வந்ததே அவள்தான். அழுது முடித்து, இனி அழுவதற்கில்லை என்கிற நிலைக்கு வந்திருந்தாள்.

“என்னக்கா சொல்றாக?”

“சாயங்காலம் கோர்ட்டுங்குறாக.”

“யா அல்லாஹ்!” தலையில் கிடந்த முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். “அவுக திருடப் போகலக்கா. மில்லுல தூசி உறிஞ்சுற பை கிழிஞ்சு தொங்குது. கூட வேலை பாக்குறவுக இருமி இருமிச் சாகுறாக. மொதலாளிக்கிட்டச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ஞ்சு போச்சு. மில்லு லைசென்ஸ் அவரு ஆத்தா பேருலதான இருக்கு, ஆச்சிக்கிட்டயே சொல்லிப் பாப்பமேன்னு கண்டனூருக்குப் போனாக. நாளைக்கு பேக்டரி இன்ஸ்பெக்டரு வாராரு. அவர்கிட்ட தைரியமாப் பேச மில்லுலேயே இவுக ஒரு ஆளுதான் உண்டு. இன்னைக்கு இவுகளத் திருடன்னு உள்ள தள்ளிட்டா நாளைக்கு யாருக்கா இவுக பேச்சக் கேப்பா?”

“ஒருத்தரும் கேக்கமாட்டாக,” என்றார் அக்கா. ஆறுதல் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. “அதனாலதான் இன்னைக்கே முடிக்கணும். கார்ல ஏறு.”

*

மானகிரி தாண்டி மில் வருவதற்கு முன்பே மரங்கள் வெள்ளையாகிவிடும். வேப்பமரமா புளியமரமா என்று கிளையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. லாரியில் வந்து இறங்குகிற கால்சைட் கல் கிரஷரில் ஜல்லியாகி, ரோலர் மில்லில் மாவாகி, முகத்துக்குப் போடும் பவுடரைவிட நைஸாக மூட்டைக்குள் போகிறது. மூட்டைக்குள் போகாத மிச்சம் அங்கே வேலை பார்ப்பவர்களின் நெஞ்சுக்குள் போகிறது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஆள் அடையாளமே தெரியவில்லை, இருமல் சத்தத்தை வைத்துத்தான் இங்குட்டு ஒருவர் அங்குட்டு ஒருவர் என்று கண்டுபிடித்தேன்.

முதலாளியின் அறைக்கு வெளியே ஒரு பலகை: ‘தூசி வரும், காலணிகளை வெளியே விடவும்.’

“அடேயப்பா,” என்றேன். “இந்த மில்லுலேயே தூசிக்குப் பயந்தது ஒரே ஒரு ரூம்தான் போல.”

உள்ளே ஏ.சி. அது போதாதென்று மூலையில் காற்றைச் சுத்தப்படுத்துகிற மெஷின் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் முத்துக்கருப்பன். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, அதைவிட முக்கியம், ஒரு பொட்டு வெள்ளை இல்லை. மில் முதலாளி என்று சொன்னால் நம்ப முடியாது, மில்லைப் படத்தில் பார்த்தவர் என்றால் நம்பலாம்.

“எங்க ஆத்தாவோட கழுத்துரு மேடம்,” என்றார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. “கல்யாணத்தன்னைக்குப் பூட்டுற பெரிய தாலி. அப்பத்தா காலத்துத் தங்கம். அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணத்துல அவளுக்குப் பூட்டணும். அந்த நாய் பெட்டகத்தைத் தொறந்து எடுத்துட்டுப் போயிட்டான். வீடு பூரா எங்க மில்லு மாவு, அவன் பூட்ஸ் தடம். எவ்வளவு திமிர் பாருங்க.”

“உங்க மில்லு மாவுதான்னு எப்படிச் சொல்றீக?” அக்கா கேட்டார்.

“வெள்ளையா இருந்துச்சே.”

“பாலும் வெள்ளையாத்தான் இருக்கு சார்,” என்றேன்.

அக்கா என்னை அடக்கவில்லை. அவர் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரைத் தன் பக்கம் இழுத்தார். “வெளிய மூட்டை தைக்கிற எடத்துலேர்ந்து ஒரு கை மாவு கொண்டா ஜியா.”

கொண்டுவந்தேன். அக்கா அதில் ஒரு சிட்டிகை எடுத்து டம்ளரில் போட்டார். மாவு தண்ணீர் மேல் அப்படியே நின்றது. விரலால் அழுத்தினார். உள்ளே போய்விட்டு மறுபடி மேலே வந்தது. விரலில் ஈரமே ஒட்டவில்லை.

முத்துக்கருப்பன் முன்னால் குனிந்து பார்த்தார். “கல்லு மாவு எப்படி மிதக்குது?”

அக்கா நிமிர்ந்தார். எத்தனையோ பொய்யர்களை அவர் பார்த்த பார்வையைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கெல்லாம்கூட இவ்வளவு இளக்காரம் கிடைத்ததில்லை.

“உங்க மில்லுல அரைக்கிறது எதுக்குப் போகுதுன்னாவது தெரியுமா? பிளாஸ்டிக் பைப் கம்பெனிக்கு. பிளாஸ்டிக்கோட சேரணும்னா மாவு தண்ணியக் குடிக்கக்கூடாது. அதுக்காக மெழுகு மாதிரி ஒரு சரக்கைச் சூடாக்கி மாவு மேல பூசுறாக. பூசுன மாவு நனையாது. அன்வர் வேலை பாக்குறது அந்தப் பூசுற எடத்துலதான். ஒரு பைப் கம்பெனிக்காரன் மழையில அம்புட்டு மூட்டையும் நனைஞ்சு வீணாப் போச்சுன்னு எங்ககிட்ட நஷ்டஈடு கேட்டான். ஒரு மூட்டையப் பிரிச்சு வாளித்தண்ணியில கொட்டிக் காட்டுனேன். அவன் அழுதுட்டான்.”

பிறகு எஸ்.ஐ. மடித்துக் கொடுத்த பேப்பரைப் பிரித்து, அந்த மாவை இன்னொரு டம்ளரில் போட்டார். போட்டதுமே ஊறி, கூழாகி, அடியில் போய் உட்கார்ந்தது.

“அப்ப… வேற எங்கயாச்சும் மிதிச்சிட்டு வந்திருப்பான்,” என்றார் முத்துக்கருப்பன்.

“இருக்கலாம்,” என்று அக்கா ஒத்துக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “அரைக்கிற எடத்துல, பூசுறதுக்கு முன்னாடி இருக்கிற மாவா இருக்கலாம். அது முங்கத்தான் செய்யும். சரி, அது போகட்டும். அந்த பூட்ஸ் பத்திச் சொல்லுங்க.”

முத்துக்கருப்பனுக்கு உயிர் வந்தது. எழுந்துபோய்ச் சுவரோரம் இருந்த கண்ணாடி அலமாரியைக் காட்டினார். மஞ்சள் ஹெல்மெட், மூக்குக் கவசம், கறுப்பு பூட்ஸ், எல்லாம் வரிசை கட்டி நின்றன. “எங்க ஒர்க்கர்ஸுக்கு சேஃப்டி விஷயத்துல நாங்க எதையும் மிச்சம் பிடிக்கிறதில்லை மேடம். ஆளுக்கொரு பூட்ஸ். அன்வருக்கும் குடுத்திருக்கோம்.”

“குடுத்த பூட்ஸ் எதுக்கு சார் அலமாரியில இருக்கு?” என்றேன். “வெளிய அம்புட்டுப் பேரும் ரப்பர் செருப்புல நிக்கிறாகளே?”

“அது… நாளைக்கு இன்ஸ்பெக்ஷன். அப்ப போட்டுக் காட்டணும்ல.”

“சாவி?”

“என்கிட்டத்தான். வேற யார்கிட்டயும் குடுக்கிறதில்லை.” அதைப் பெருமையாகச் சொன்னார் அந்த மனிதர்!

அக்கா அலமாரியைத் திறக்கச் சொல்லி, பூட்ஸை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். எல்லாவற்றின் அடியிலும் கடைக்காரன் ஒட்டின விலைச் சீட்டு கிழியாமல் இருந்தது. ஒரு ஜோடியில் மட்டும் இல்லை.

“தடத்தோட வச்சுப் பாக்கணும். இந்த ஜோடிய எடுத்துக்கிறேன்.”

“அது வேணாம் மேடம், வேற நல்லதா எடுத்துக்குங்க. அது பழசு.”

“ஒருத்தரும் போடாத பூட்ஸு எப்படி சார் பழசாகும்?”

முத்துக்கருப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு வாய் மட்டும்தான் ஒத்துழைத்தது. “எடுத்துக்குங்க. நானும் வர்றேன், மகஜர்ல கையெழுத்து போடணும்.”

*

கண்டனூரில் அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும். கல்யாணம் என்றால் திறப்பார்கள். இப்போது திறந்திருந்தது. உள்ளே சாரம் கட்டி ஆட்கள் சுவரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

சுவரைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தேய்த்த பழைய சுண்ணாம்புச் சுவர். தடவினால் கை வழுக்கும், எதிரே நின்றால் முகம் தெரியும். அதன் மேல் நவீன பெயிண்ட் அடிப்பதற்காகப் பட்டி மாவைக் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தார்கள். பளபளவென்று இருந்த சுவரில் பாதி, திருநீறு பூசின மாதிரி வெளிறிப்போயிருந்தது.

“யாரு யோசனை சார் இது?” என்று கேட்டேன்.

“என்னோடதுதான். பழசு ஒரே டல்லா இருந்துச்சு,” என்றார் முத்துக்கருப்பன்.

நான் வாயை மூடிக்கொண்டேன். என் சர்வீஸில் அது அபூர்வம்.

எஸ்.ஐ. எங்களுக்கு முன்பே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முத்துக்கருப்பனின் ஆத்தா தேனம்மை ஆச்சி சாய்வு நாற்காலியில் இருந்தார். மூக்கில் வைரம், கையில் செல்போன், நிமிர்ந்த முதுகு. எங்களை வரவேற்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. சுமையா வாசல் நிலையோடு நின்றுவிட்டாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பின்கட்டிலிருந்து நெய் வாசம் ஆளைத் தூக்கியது.

பெட்டக அறைக்குப் போகிற வழியில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அதில் பூட்ஸ் தடங்கள் வரிசையாக, வெள்ளையாக, அசையாமல் இருந்தன. பக்கத்தில் வாளியும் துணியுமாக, வீட்டு வேலை பார்க்கும் அனுசுயா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போட்டோ புடிச்சாச்சு, தொடச்சுவிடுன்னு நேத்து போலீசு சொன்னாக. ஈரத்துணி போட்டுத் தொடச்சேன். அம்புட்டுத்தான், புடிச்சுக்கிருச்சு! இன்னைக்கு வந்து பாத்தா கல்லா நிக்கிது. கத்திய வச்சுச் சொரண்டுறேன், தரை கீறுது, இது போகமாட்டேங்குது. எங்குட்டுருந்து வந்த மாவோ, எழவெடுத்த மாவு!”

அக்கா கார் சாவியால் ஒரு தடத்தைத் தட்டினார். டக்டக்கென்று கேட்டது.

“எஸ்.ஐ. சார், காப்பியக் கீழ வச்சுட்டு இங்குட்டு வாங்க. இது கால்சைட்டா?”

“ஆசிட் ஊத்தினா பொங்குச்சே!”

“பொங்கும். இதுலயும் அந்தக் கல்லு மாவு கொஞ்சம் கலந்திருக்கு. ஆனா கல்லை அரைச்ச வெறும் மாவு, பூசுனதோ பூசாததோ, தண்ணி பட்டு ஒரு நாள்ல மறுபடி கல்லாகுமா? அப்படி ஆகும்னா மழை பெய்யிற அன்னைக்கு அந்த மில்லே ஒரு பாறையா நிக்கணும். தண்ணி பட்டா இறுகுறது சிமெண்டு. வெள்ளைச் சிமெண்டு கலந்த மாவு இந்த வீட்டுல எங்க இருக்கு?”

எஸ்.ஐ. மெதுவாகத் தலையைத் திருப்பினார். சாரத்தின் அடியில் பட்டி மூட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன.

“திருடன் மானகிரியிலேர்ந்து மாவைச் சுமந்துக்கிட்டு வரல,” என்றார் அக்கா. “இந்த வீட்டுக்குள்ள வந்துதான் காலுக்குப் பவுடர் போட்டிருக்கான். மில்லு ஆள்தான் திருடுனான்னு நீங்க நம்பணும்னு. மில்லுல வேலை பாக்குறவன் எவனும் இந்தத் தப்பப் பண்ணமாட்டான். நாள் பூரா மூஞ்சியில அப்புற மாவு எது, பட்டி எதுன்னு அவனுக்குத் தெரியாதா? வெள்ளையா இருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்கிறது, அந்த மாவைத் தொட்டே பாக்காத ஒரு மகராசன்தான்.”

பூட்ஸைக் கவிழ்த்தார். அடிப்பள்ளங்களில் வெள்ளை இறுகிப்போய் நின்றது. “சுத்தம் பண்றதா நெனச்சு ஈரத்துணியால தொடச்சிருக்காரு. பாவம், அனுசுயாவுக்கு ஆன கதிதான் இவருக்கும் ஆயிருக்கு. ஒர்க்கருக்குக் குடுத்தோம்னு சொல்ற பூட்ஸு ஒரு ஒர்க்கர் காலையும் பாத்ததில்ல. இன்ஸ்பெக்டருக்குக் காட்டுறதுக்காகக் கண்ணாடிக்குள்ள இருக்கு. சாவி ஒருத்தர்கிட்டத்தான். தான் சொல்ற பொய்யத் தானே நம்பி, அன்வருக்கும் பூட்ஸு இருக்குன்னு நெனச்சுட்டாரு நம்ம மொதலாளி.”

“என்ன உளர்றீங்க!” முத்துக்கருப்பன் கத்தினார். “என் வீட்டு நகைய நானே எதுக்கு எடுக்கணும்?”

“அடுத்த மாசம் அது உங்க வீட்டு நகையா இருக்காதுல்ல, தங்கச்சி வீட்டுக்குப் போயிரும். அதோட, ஆச்சிக்கிட்ட நேரா வந்து பேசுன அன்வர் மேல உங்களுக்கு ஆத்திரம். நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்னாடி அவன் வாயத் தொறக்கக்கூடாது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.”

“நான் எடுக்கலை! சத்தியமா எடுக்கலை! நான் தொறந்தப்ப பெட்டகத்துல அது இல்லவே இல்லை!”

சாரத்தில் இருந்தவர்கள்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டார்கள்.

“ஓகோ,” என்றேன் நான். “எப்ப சார் தொறந்தீக?”

எஸ்.ஐ. ஒரே தாவாக வந்து முத்துக்கருப்பன் தோளில் கையை வைத்தார். நேற்று அன்வரின் தோளில் இருந்த அதே கை. கைக்கு வெட்கம் கிடையாது.

“நடிக்காதீங்க சார். நகை எங்க?”

“தெரியாது சார்! அந்த அன்வர்தான் எனக்கு முன்னாடியே வந்து நெஜமாவே எடுத்துட்டான்னு நெனச்சேன்!”

“இந்த ஒண்ணு மட்டும் உண்மை,” என்றார் அக்கா. “நகை இவருகிட்ட இல்ல. அன்வர்கிட்டயும் இல்ல. அனுசுயா, பின்கட்டுல என்ன வேகுது?”

“மனகோலமும் சீப்புச்சீடையும்க்கா. கல்யாணப் பலகாரம். காலையிலேருந்து ஆளு வச்சுச் சுடுறாக.”

“நேத்து கழுத்துரு களவு போயிருக்கு. கல்யாணத்துக்கு ஒரு மாசம்தான் இருக்கு. தாலி தொலைஞ்ச வீட்டுல அடுப்பு எரியுமா, இல்ல புதுசு செய்ய ஆசாரிக்கு ஆள் போகுமா?” அக்கா சாய்வு நாற்காலியின் பக்கம் திரும்பினார். “ஆச்சி, நீங்க ஆசாரியக் கூப்புடல. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லல. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. தட்டுத்தட்டாப் பலகாரம் சுடச் சொல்லிட்டு உக்காந்திருக்கீக. கழுத்துரு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.”

ஆச்சி செல்போனை மடியில் கவிழ்த்தார். குரலில் நடுக்கமே இல்லை.

“பேங்கு லாக்கர்ல இருக்கு. இவன் அந்தப் பெட்டகத்தச் சுத்திச் சுத்தி வந்தது புடிக்கல, அதான் போன வாரமே கொண்டுபோய் வச்சுட்டேன். நேத்து இவன் ஓடியாந்து களவு போச்சுன்னப்பவே தெரிஞ்சு போச்சு. என் சாவிய எடுக்க இந்த வீட்டுல வேற யாரு இருக்கா? அவனா வந்து ஒத்துக்கிருவான், பாப்பமேன்னு இருந்தேன்.”

“ஆத்தா!” என்றார் முத்துக்கருப்பன்.

“பேசாதடா.”

“பாப்பமேன்னு இருந்தீகளா?” அக்காவின் குரல் ஏறவில்லை. “உங்க மகன் மனசு மாறுறானான்னு நீங்க பாத்துக்கிட்டு இருந்தீக. அது வரைக்கும் அடுத்தவன் லாக்கப்புல கெடந்தான். அவன் எதுக்கு வந்தான்னு உங்களுக்குத் தெரியும். வெறுங்கையோட போனதும் தெரியும். போலீசு கேட்டப்ப ‘வந்தான், போனான்’னு நிறுத்திக்கிட்டீக. தூ! இதுக்கு உங்க மகனே தேவல. அவருக்கு மாவுதான் தெரியல.”

ஆச்சியின் முகம் முதல் தடவையாகச் சிவந்தது. எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. வாசல் நிலைவரை நடந்துபோய் அதைச் சுமையாவிடம் நீட்டினார்.

“புள்ளைகளுக்குக் குடு ஆத்தா. உன் புருஷன் இப்ப வந்துருவான். மனசுல வச்சுக்கிறாத. இது பெரிய வீட்டு விஷயம், வெளிய யார்கிட்டயும் பேசவேணாம். நாளைக்கே அந்தத் தூசிப் பைய மாத்தச் சொல்லிர்றேன்.”

சுமையா தூக்கைப் பார்த்தாள். வாங்கிக்கொள்வாளோ என்று நான் பயந்தேன். பசி இருந்தது அவளுக்கு, காலையிலிருந்து ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

“வேணாம் ஆச்சி.”

“கோவமா?”

“அவுகள மில்லுலேருந்து சட்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போனாக. அம்புட்டுப் பேரும் பாத்தாக. எங்க தெருவுல நேத்தே சொல்லிட்டாக, திருடன் பொண்டாட்டின்னு. இப்ப ‘வந்துருவான்’னு சொன்னா எப்படி ஆச்சி? நீங்க என்கூட வாங்க. ஸ்டேஷன்ல வந்து, அங்க நிக்கிற அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி, நகை என்கிட்டத்தான் இருந்துச்சு, எனக்குத் தெரியும்னு உங்க வாயால சொல்லுங்க. அதுக்கப்பறம் அவுகள நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நானா?” ஆச்சி எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. கூரையைப் பார்த்தார். “எங்க குடும்பத்துப் பொம்பளைக ஒருத்தரும் இதுவரைக்கும் போலீஸ் ஸ்டேஷன் படி மிதிச்சதில்ல.”

“நானும் நேத்து வரைக்கும் மிதிச்சதில்ல ஆச்சி,” என்றாள் சுமையா.

ஆச்சி கையில் இருந்த தூக்கை வைக்க இடம் தேடினார், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, கடைசியில் தரையில் வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

நான் போய் காரின் பின்கதவைத் திறந்தேன். சுமையா முதலில் ஏறினாள். ஆச்சி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.